‘எதுக்குப் போனே?’ என்று கேட்காதீர்கள்!

காதல் என்ற பெயரில் நடக்கும் கொடுமையும் இளம் பெண்களின் மன நலமும்

கேரளத்தில் ஆனைக்கரை இரண்டு. ஒன்று பாலக்காடு மாவட்டத்தில், பட்டாம்பி தாலுகாவில், பாரதப்புழைப் பக்கம் இருக்கிறது. மற்றொன்று இடுக்கி மாவட்டத்தில், குமுளிக்கும் வண்டன்மேட்டுக்கும் இடையே, ஏலத் தோட்டங்களின் நடுவே இருக்கிறது. மலையாள எழுத்தில் சிறு வேறுபாடு உண்டு. தமிழில் இரண்டும் ஆனைக்கரைதான்.

இந்த இரு மாவட்டங்களுக்கும் தமிழர்களுக்கும் உள்ள உறவு பழைமையானது. விடியற்காலையில் கம்பம், போடிப் பகுதிகளிலிருந்து பெண் தொழிலாளர்களை ஏற்றிக்கொண்டு ஜீப்புகள் மலை ஏறுகின்றன. லயங்களிலேயே தங்கிவிட்ட குடும்பங்களும் ஏராளம். பாலக்காட்டுப் பக்கம் மில்லிலும் கடையிலும் ஆபீசிலும் வேலை பார்த்துப் பிழைப்பவர்கள் இருக்கிறார்கள். இவர்களின் பெண் பிள்ளைகளில் பலர் பொள்ளாச்சியிலும் கோவையிலும் தேனியிலும் மதுரையிலும் ஹாஸ்டலில் தங்கிப் படிக்கிறார்கள்; சிலர் வேலைக்குப் போகிறார்கள். வீட்டுக்கும் மகளுக்கும் நடுவே ஒரு மலையும் ஒரு மாநில எல்லையும் கிடக்கின்றன. இணைப்பதெல்லாம் இரவில் வரும் செல்போன் அழைப்பு ஒன்றுதான்.

‘‘நல்லா இருக்கேம்மா’’ என்று மகள் சொல்கிறாள். தாயும் நிம்மதியாகப் படுக்கிறாள். ஆனால் மகள் நன்றாக இல்லாவிட்டால்? பழகிய பையன் ஒருவன் அவளை அடிக்கிறான், படத்தைக் காட்டி மிரட்டுகிறான், ‘‘என்னை விட்டுப் போனால் தொலைத்து விடுவேன்’’ என்கிறான் என்றால், அவள் யாரிடம் சொல்வாள்?

சொல்வாளா, மாட்டாளா என்பது பெரும்பாலும் அவனைப் பொறுத்தது அல்ல. வீட்டில் தன்னை நோக்கி வரப்போகும் முதல் கேள்வி எது என்று அவள் நினைக்கிறாளோ, அதைப் பொறுத்தது.

பொள்ளாச்சியில் நடந்தது

பாலக்காட்டிலிருந்து சுமார் 45 கிலோமீட்டர் தூரத்தில் இருக்கிறது பொள்ளாச்சி. எல்லைப் பகுதித் தமிழர்களுக்கு அது வெளியூர் அல்ல. சந்தைக்கும் கல்லூரிக்கும் ஆஸ்பத்திரிக்கும் போய் வரும் ஊர்.

2019ஆம் ஆண்டு பிப்ரவரி 12ஆம் தேதி, அங்கே 19 வயதுக் கல்லூரி மாணவி ஒருத்தி, தனக்குப் பழக்கமான இளைஞன் அழைத்ததை நம்பிப் போனாள். காரில் ஏறிய பிறகுதான் அவனுடைய கூட்டாளிகளும் அதில் ஏறினார்கள். அவளிடம் முறைகேடாக நடந்து, அதைச் செல்போனில் படம் பிடித்தார்கள். கழுத்துச் சங்கிலியையும் பறித்துக்கொண்டு வழியில் இறக்கிவிட்டார்கள். அதன் பிறகு அந்தப் படத்தைக் காட்டி மிரட்டல் தொடர்ந்தது.

அந்தப் பெண் கடைசியில் வீட்டில் சொன்னாள். அண்ணன் அவள் பக்கம் நின்றார். பிப்ரவரி 24ஆம் தேதி போலீசில் புகார் கொடுக்கப்பட்டது. புகார் கொடுத்ததற்காக அந்த அண்ணன் தாக்கப்பட்டார். குடும்பம் பின்வாங்கவில்லை.

விசாரணையில் செல்போன்களைத் திறந்து பார்த்தபோதுதான் விஷயம் ஒரு பெண்ணோடு முடியவில்லை என்று தெரிய வந்தது. பேஸ்புக் போன்றவை மூலம் நட்பாகப் பேசி, காதல் என்று நம்ப வைத்து, தனியிடத்துக்கு வரவழைத்து, படம் எடுத்து மிரட்டுவதை அந்தக் கும்பல் ஒரு தொழிலாகவே நடத்தி வந்திருக்கிறது. முன்பு சிக்கிய பெண்கள் வாய் திறக்கவில்லை. அந்த மவுனமே கும்பலுக்கு முதலீடாக இருந்தது.

பிறகு நடந்ததும் மறக்கக் கூடியதல்ல. பாதிக்கப்பட்ட பெண்ணின் பெயரை வெளியிடக் கூடாது என்பது சட்டம். ஆனால் போலீஸ் உயர் அதிகாரியே பத்திரிகையாளர்களிடம் பெயரைச் சொல்லிவிட்டார். அரசாணையிலும் பெயர் இடம் பெற்றது. சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை இதைக் கண்டித்து, அந்தப் பெண்ணுக்கு 25 லட்சம் ரூபாய் இழப்பீடு தர உத்தரவிட்டது. வழக்கு சி.பி.ஐ.யிடம் போயிற்று.

ஆறு ஆண்டுகள் கழித்து, 2025 மே 13ஆம் தேதி கோவை மகளிர் நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. குற்றவாளிகள் ஒன்பது பேருக்கும் சாகும் வரை சிறை. பாதிக்கப்பட்ட பெண்களுக்கு மொத்தம் 85 லட்சம் ரூபாய் இழப்பீடு. இந்த வழக்கில் 48 சாட்சிகள். அவர்களில் ஒருவர்கூடப் பிறழ் சாட்சியாக மாறவில்லை. எட்டுப் பெண்கள் முன்வந்து சாட்சி சொன்னார்கள்.

இந்தத் தீர்ப்பைப் படித்துவிட்டு ‘‘சரியான தண்டனை’’ என்று சொல்லிப் போவது சுலபம். ஆனால் இதில் வீடுகளுக்கு உள்ள பாடம் வேறு. முதல் பெண்ணிடம் அவள் குடும்பம் ‘‘எதுக்குப் போனே?’’ என்று கேட்டுக் கதவைச் சாத்தியிருந்தால் இந்த வழக்கே பிறந்திருக்காது. அந்தக் கும்பல் இன்னும் எத்தனை பேரைப் பிடித்திருக்குமோ!

தெரியாதவன் அல்ல, தெரிந்தவன்

பெண் பிள்ளைகளுக்கு ஆபத்து இருட்டுச் சந்தில், முகம் தெரியாதவனிடமிருந்து வரும் என்றே எல்லாரும் எச்சரிக்கிறார்கள். கணக்கு அப்படிச் சொல்லவில்லை. உலக சுகாதார நிறுவனம் 2024 ஜூலையில் வெளியிட்ட ஆய்வு ஒன்றின்படி, ஆணோடு உறவில் இருந்திருக்கும் 15 முதல் 19 வயதுப் பெண்களில் 100க்கு 24 பேர் அந்தத் துணைவனாலேயே அடி, உதை அல்லது பாலியல் கொடுமைக்கு ஆளாகியிருக்கிறார்கள். 20 வயது நிறைவதற்குள் நாலில் ஒரு பங்கு!

இது இன்று முளைத்த வியாதியும் அல்ல. 1981ஆம் ஆண்டில் அமெரிக்காவில் மேக்பீஸ் என்ற ஆராய்ச்சியாளர் கல்லூரி மாணவ மாணவிகளிடம் கேட்டபோது, ஐந்தில் ஒருவருக்குக் காதல் பழக்கத்தில் வன்முறை நேர்ந்தது தெரிய வந்தது. கல்யாணத்துக்குப் பிறகுதான் அடி விழும் என்ற எண்ணத்தை அது மாற்றியது.

தமிழர் நிலை இதில் இன்னும் சிக்கலானது. கல்யாணமான பெண்ணைப் புருஷன் அடித்தால் பஞ்சாயத்துப் பேசப் பெரியவர்கள் உண்டு. காதலிக்கும் பெண்ணை அவன் அடித்தால், காதலே ரகசியமாக இருக்கிறது. ரகசியத்துக்குள் நடக்கும் கொடுமைக்குப் பஞ்சாயத்து ஏது?

அடியும் உண்டு, பூவும் உண்டு

‘‘அடிக்கிறவனை விட்டு வர வேண்டியதுதானே? படித்த பெண்தானே?’’ என்று வெளியில் இருப்பவர்கள் கேட்பார்கள். விட்டு வர முடியாமல் போவதற்குக் காரணம் உண்டு.

இத்தகைய உறவு அடியில் தொடங்குவதில்லை. அளவு கடந்த அக்கறையில் தொடங்குகிறது. எங்கே இருக்கிறாய், யாரோடு பேசினாய், ஏன் போனை உடனே எடுக்கவில்லை என்று கேட்பான். அந்தப் பெண்ணுக்கு அது பாசமாகத் தெரியும். பிறகு அந்தத் தோழியோடு பேசாதே என்பான். இந்த உடை போடாதே என்பான். செல்போனின் ரகசிய எண்ணைக் கேட்பான். நாளடைவில் தோழிகள் விலகுகிறார்கள். அவளுக்கு அவன் ஒருவன்தான் மிச்சம்.

முதல் அறை அதற்குப் பிறகுதான் விழுகிறது. மறுநாள் அழுகிறான். காலில் விழுகிறான். பரிசு வாங்கி வருகிறான். ‘‘உன் மேல் உள்ள ஆசையால்தான் அடித்தேன்’’ என்கிறான். சில நாள் சந்தோஷமாகப் போகிறது. மீண்டும் சந்தேகம், மீண்டும் அடி, மீண்டும் கண்ணீர். அமெரிக்க மனநல நிபுணர் லெனோர் வாக்கர் 1979ஆம் ஆண்டிலேயே இந்தச் சக்கரத்தைப் பற்றி எழுதினார். எப்போதும் அடிப்பவனை வெறுத்து ஒதுக்கிவிடலாம். ஒரு நாள் அடித்து ஒரு நாள் கொஞ்சுபவனிடமிருந்து மனத்தைப் பிய்த்து எடுப்பது கடினம். அந்த நல்ல நாளுக்காக அவள் காத்துக்கொண்டே இருக்கிறாள்.

சினிமாவும் இதற்குத் துணை போகிறது. பெண் மறுத்த பின்னும் தெருத் தெருவாகத் துரத்துவதைக் காதல் என்று பல ஆண்டுகளாகத் திரையில் காட்டி, கைதட்டலும் வாங்கியாகிவிட்டது. கன்னத்தில் அறைவதை உரிமை என்று நினைக்கும் பையன்களும், அதைப் பாசம் என்று நினைக்கும் பெண்களும் அதே தியேட்டரில் இருந்துதான் வெளியே வருகிறார்கள்.

மனம் படும் பாடு

உடம்பில் பட்ட அடி ஆறிவிடும். மனத்தில் பட்டது உள்ளேயே நின்று வேலை செய்யும்.

தூக்கம் வராது, வந்தால் கெட்ட கனவு வரும். போன் மணி அடித்தால் நெஞ்சு படபடக்கும். பின்னால் யாராவது வந்தால் உடம்பு தூக்கிப்போடும். சாப்பாடு இறங்காது. பாடம் மண்டையில் ஏறாது. நன்றாகப் படித்துக்கொண்டிருந்த பெண் திடீரென்று அரியர் வைப்பாள். காரணம் சொல்ல முடியாத தலைவலி, வயிற்று வலி என்று டாக்டரிடம் போவாள். மாத்திரை வாங்கி வருவாள். வலி போகாது.

இவையெல்லாம் ‘நடிப்பு’ அல்ல. பலாத்காரத்துக்கு ஆளான பெண்களுக்கு வரும் இந்த அடையாளங்களை அமெரிக்காவில் நர்ஸ் ஆன் பர்ஜஸும் சமூகவியலாளர் லிண்டா ஹோம்ஸ்ட்ரமும் 1974இல் பதிவு செய்தார்கள். போர் முனையிலிருந்து திரும்பிய சிப்பாய்களிடமும் இதே அடையாளங்கள் காணப்பட்டன. பேரதிர்ச்சிக்குப் பின் வரும் இந்த மன நோய்க்கு 1980ஆம் ஆண்டில் மருத்துவ நூலில் தனி இடமே தரப்பட்டது.

துணைவனின் வன்முறைக்கு ஆளான பெண்களுக்கு மனச் சோர்வு நோய் வரும் வாய்ப்பு மற்றவர்களைப் போல் ஏறக்குறைய இரு மடங்கு என்று உலக சுகாதார நிறுவனத்தின் 2013ஆம் ஆண்டு அறிக்கை கூறுகிறது. மனச் சோர்வு முற்றினால், உயிரோடு இருந்து என்ன பயன் என்ற எண்ணமும் தலைகாட்டும்.

இவற்றில் மிகக் கொடியது குற்ற உணர்ச்சி. அடித்தவன் நிம்மதியாகத் தூங்குகிறான். அடிபட்டவள், ‘‘என் மேலேதான் தப்பு. நான்தானே போனேன்? நான்தானே படம் அனுப்பினேன்?’’ என்று தன்னைத்தானே விசாரித்துத் தண்டித்துக்கொள்கிறாள். அந்த நேரத்தில் வீட்டாரும் அதே கேள்வியைக் கேட்டுவிட்டால், அவள் மனத்துக்குள் ஓடும் வழக்கில் தீர்ப்பு எழுதியாகிவிடுகிறது.

ஏன் சொல்வதில்லை?

வீட்டில் சொன்னால் என்ன நடக்கும் என்று அவளுக்குத் தெரியும். படிப்பு நின்றுவிடும். செல்போன் பிடுங்கப்படும். அவசரமாக ஒரு மாப்பிள்ளை பார்க்கப்படுவான். அப்பா குடித்துவிட்டு அம்மாவை அடிப்பார்: ‘‘நீ வளர்த்த லட்சணம்!’’ லயம் முழுக்கப் பேச்சாகும். பையன் வேறு சாதியாக இருந்துவிட்டால் பயம் இன்னும் பெரிது. இத்தனையையும் கூட்டிக் கழித்துப் பார்த்து, அவனுடைய அடியே பரவாயில்லை என்ற முடிவுக்கு அவள் வருகிறாள்.

மிரட்டுகிறவனுக்கு இந்தக் கணக்கு நன்றாகத் தெரியும். ‘‘உங்க அப்பாவுக்கு அனுப்பிடுவேன்’’ என்பதுதான் அவன் கையில் உள்ள ஒரே ஆயுதம். அப்பாவுக்குப் பயப்பட வேண்டாம் என்று அந்தப் பெண்ணுக்குத் தெரிந்துவிட்டால், அந்த ஆயுதம் மழுங்கிவிடும்.

பாலக்காட்டு ஆனைக்கரைக்கு இங்கே ஒரு பெருமை உண்டு. அந்த ஊர் வடக்கத்து வீட்டில் 1894இல் பிறந்தவர் அம்மு சுவாமிநாதன். அரசியல் நிர்ணய சபையில் உறுப்பினராக இருந்தவர். 1952 தேர்தலில் திண்டுக்கல் தொகுதியிலிருந்து தமிழர்கள் லோக்சபைக்கு அனுப்பியவர். நேதாஜியின் படையில் ஜான்சி ராணிப் பிரிவை நடத்திய கேப்டன் லட்சுமியின் தாயார். கல்யாணப் பேச்சு வந்தபோது அவர் சில நிபந்தனைகள் போட்டதாகச் சொல்வார்கள். அவற்றில் ஒன்று, எத்தனை மணிக்கு வீடு திரும்புவாய் என்று தன்னை யாரும் கேட்கக் கூடாது என்பது. தன் அண்ணன்மாரை யாரும் அப்படிக் கேட்பதில்லையே என்பது அவர் வாதம்.

நூறாண்டுக்கு முந்தைய அந்த நியாயத்தை இன்றைய வீடுகளிலும் நினைத்துப் பார்க்கலாம். மகன் அடிபட்டு வந்தால் ‘‘எவன்டா அடிச்சது?’’ என்று கேட்கும் வீடு, மகள் அடிபட்டு வந்தால் மட்டும் ‘‘அங்கே உனக்கு என்ன வேலை?’’ என்று கேட்கிறது.

விலகும் நேரமே ஆபத்தான நேரம்

வீட்டாரும் தோழிகளும் தெரிந்துகொள்ள வேண்டிய உண்மை ஒன்று உண்டு. பெண் ‘வேண்டாம்’ என்று சொல்லி விலகும் நேரம்தான் மிகுந்த ஆபத்தான நேரம்.

2021 ஜூன் 17இல் பெரிந்தல்மண்ணை அருகே சட்ட மாணவி ஒருத்தி வீட்டிலேயே கொல்லப்பட்டாள். அதே ஆண்டு ஜூலை 30இல் கோதமங்கலத்தில் பல் மருத்துவ மாணவி சுட்டுக் கொல்லப்பட்டாள். அக்டோபர் 1இல் பாலாவில் கல்லூரி வளாகத்திலேயே ஒரு மாணவி கொலையுண்டாள். 2022 அக்டோபர் 13இல் சென்னை பரங்கிமலை ரயில் நிலையத்தில் ஒரு கல்லூரி மாணவி ஓடும் ரயில் முன் தள்ளப்பட்டாள். எல்லாவற்றிலும் வெளிவந்த காரணம் ஏறக்குறைய ஒன்றே: அவள் மறுத்தாள் அல்லது விலகினாள்.

ஆகவே, ‘‘கடைசியா ஒரு தடவை நேரில் வா, பேசி முடித்துக்கொள்வோம்’’ என்று அழைத்தால் தனியே போகவே கூடாது. சொல்ல வேண்டியதைப் போனில் சொல்லலாம். பெரியவர்களைக் கொண்டு சொல்லலாம். கத்தி, பெட்ரோல், ஆசிட் என்று ஒரு தடவை பேசினாலும் அதைக் கோபப் பேச்சு என்று தள்ளக் கூடாது. கழுத்தைப் பிடித்து நெரித்தவனிடம் மிகுந்த எச்சரிக்கை தேவை. துணைவனால் ஒரு தடவை கழுத்து நெரிக்கப்பட்ட பெண் பின்னால் கொலை செய்யப்படும் அபாயம் ஏழு மடங்கு என்று 2008இல் வந்த அமெரிக்க ஆய்வு ஒன்று காட்டியது.

சட்டம் என்ன சொல்கிறது?

‘‘பெண் தமிழ்நாட்டில் படிக்கிறாள். நாங்கள் கேரளத்தில் இருக்கிறோம். எந்த ஸ்டேஷனுக்குப் போவது?’’ எல்லைப் பகுதித் தமிழர்களை மலைக்க வைக்கும் கேள்வி இது. இதற்கு இப்போது தெளிவான விடை உண்டு.

2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 173ஆம் பிரிவின்படி, குற்றம் எங்கே நடந்திருந்தாலும் எந்தப் போலீஸ் ஸ்டேஷனிலும் புகார் கொடுக்கலாம். ‘‘இது எங்கள் எல்லை அல்ல’’ என்று திருப்பி அனுப்ப முடியாது. அங்கே பதிவு செய்து, உரிய ஸ்டேஷனுக்கு அவர்களே அனுப்ப வேண்டும். இதை ‘ஜீரோ எப்.ஐ.ஆர்.’ என்கிறார்கள். பொள்ளாச்சியில் நடந்ததற்குப் பாலக்காட்டில் புகார் கொடுக்கலாம். தேனியில் நடந்ததற்குக் குமுளியில் கொடுக்கலாம். ஸ்டேஷனில் மறுத்தால் மாவட்ட போலீஸ் சூப்பிரண்டுக்குத் தபாலில் அனுப்பலாம். பாலியல் குற்றப் புகாரைப் பெண் போலீசார்தான் எழுதிக்கொள்ள வேண்டும்.

பெண் மறுத்த பிறகும் பின்தொடர்வதும், போனில் ஓயாமல் தொல்லை கொடுப்பதும் குற்றம். 2013ஆம் ஆண்டில் சட்டத்தில் சேர்க்கப்பட்ட இது, இன்றைய பாரதிய நியாய சன்ஹிதாவில் 78ஆம் பிரிவு. முதல் தடவைக்கு 3 ஆண்டு வரையும், மறுபடி செய்தால் 5 ஆண்டு வரையும் சிறை உண்டு.

படம் விஷயத்தில் 77ஆம் பிரிவைப் பெண்கள் மனப்பாடமே செய்துகொள்ளலாம். அந்தரங்கப் படத்தை எடுப்பதற்கு ஒரு பெண் சம்மதித்திருந்தாலும், அதைப் பிறருக்குக் காட்டச் சம்மதிக்காவிட்டால், பரப்புகிறவன் குற்றவாளி. ‘‘நீயாத்தானே குடுத்தே’’ என்ற பேச்சு சட்டத்தின் முன் செல்லாது. பாதிக்கப்பட்ட பெண்ணின் பெயரை வெளியிடுவது 72ஆம் பிரிவின்படி குற்றம். 2 ஆண்டு வரை சிறை.

18 வயது நிறையாத பெண்ணாக இருந்தால் 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டம் வருகிறது. அங்கே ‘அவளும் விரும்பினாள்’ என்ற வாதத்துக்கே இடமில்லை. பலாத்காரத்துக்கோ ஆசிட் வீச்சுக்கோ ஆளானவர்களுக்கு அரசு ஆஸ்பத்திரியானாலும் தனியார் ஆஸ்பத்திரியானாலும் உடனே இலவசமாகச் சிகிச்சை தர வேண்டும்.

ஒரு குறையும் உண்டு. 2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம், ஒரே வீட்டில் சேர்ந்து வாழ்ந்தவர்களுக்கே பாதுகாப்புத் தருகிறது. தனித்தனியே இருந்து காதலிப்பவர்களுக்கு அந்தச் சட்டத்தின் பாதுகாப்பு ஆணைகள் கிடைப்பதில்லை. ஆகவே மேலே சொன்ன குற்றவியல் பிரிவுகளையே அவர்கள் நாட வேண்டியிருக்கிறது.

மிரட்டல் வந்தால் செய்ய வேண்டியது

பயத்தில் பெண்கள் முதலில் செய்வது எல்லாச் செய்திகளையும் அழித்துவிடுவது. அது தவறு. மிரட்டல் செய்தி, அழைப்பு வந்த நேரம், பணம் அனுப்பிய கணக்கு எல்லாவற்றையும் அப்படியே வைத்திருக்க வேண்டும். நம்பிக்கையான ஒருவரின் போனுக்கும் ஒரு பிரதி அனுப்பி வைக்கலாம். பணம் கொடுத்து வாயை மூட முடியாது. ஒரு தடவை கொடுத்தால் மறு தடவை கேட்பான். படம் வெளியே வந்துவிட்டால், அந்தந்த நிறுவனத்திடம் புகார் செய்தவுடன் விரைந்து நீக்க வேண்டும் என்று 2021ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்ப விதிகள் கட்டாயப்படுத்துகின்றன.

வீட்டில் கவனிக்க வேண்டியவை

தூரத்தில் இருக்கும் பெற்றோருக்கும் சில அடையாளங்கள் தெரியும். கலகலவென்று பேசிய பெண் ஒற்றைச் சொல்லில் பதில் சொல்கிறாள். ஊருக்கு வந்தால் போனைக் கீழே வைப்பதே இல்லை. மணி அடித்தால் முகம் வெளுக்கிறது. காரணமில்லாமல் பணம் கேட்கிறாள். கம்மல், சங்கிலி காணாமல் போகிறது. வெயில் காலத்தில் முழுக்கை உடை போடுகிறாள். பழைய தோழிகளைப் பற்றிப் பேச்சே இல்லை.

இவை இருந்தாலே காதல் விவகாரம் என்று முடிவு கட்டிவிடவும் கூடாது. பிடித்து வைத்து விசாரிக்கவும் கூடாது. அருகில் உட்கார்ந்து, ‘‘உன்னை யாராவது பயமுறுத்துறாங்களா? எதுவா இருந்தாலும் சொல்லு. நாங்க இருக்கோம்’’ என்று சொன்னால் போதும். அன்றே சொல்லாவிட்டாலும், சொல்லலாம் என்ற தைரியம் அவளுக்கு வரும்.

அவள் மிகவும் சோர்ந்திருந்தால், ‘‘செத்துப் போகலாம்னு தோணுதா?’’ என்று நேராகவே கேட்கலாம். கேட்டால் அந்த எண்ணம் வந்துவிடும் என்று பயப்பட வேண்டியதில்லை என்றே மனநல மருத்துவர்கள் கூறுகிறார்கள். ‘ஆம்’ என்றால் அவளைத் தனியே விடாமல் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போக வேண்டும். மந்திரித்துக் கயிறு கட்டுவதோ, ‘கல்யாணம் ஆனால் சரியாகிவிடும்’ என்று மாப்பிள்ளை தேடுவதோ இதற்கு மருந்தல்ல. பேச்சு வழிச் சிகிச்சையும் தேவைப்பட்டால் மாத்திரையும் நல்ல பலன் தருகின்றன. 2017ஆம் ஆண்டின் மனநலச் சட்டப்படி, டாக்டரிடம் சொன்னது ரகசியமாகக் காக்கப்பட வேண்டும்.

உதவி எங்கே?

மன நல ஆலோசனைக்கு 14416 என்ற எண்ணில் ‘டெலி மானஸ்’ இரவும் பகலும் இயங்குகிறது. 2022 அக்டோபர் 10இல் மத்திய அரசு தொடங்கியது. கட்டணம் கிடையாது. தமிழிலும் மலையாளத்திலும் பேசலாம். பெண்களுக்கான உதவி எண் 181. அவசரத்துக்கு 112. கேரளத்தில் பெண் போலீசாரின் ‘பிங்க்’ ரோந்துக்கு 1515. சைபர் குற்றப் புகாருக்கு 1930. 18 வயதுக்குக் கீழ் என்றால் 1098. கேரளத்தில் குடும்பஸ்ரீ நடத்தும் ‘ஸ்நேகிதா’ உதவி மையம் பாலக்காட்டிலும் உண்டு, இடுக்கியிலும் உண்டு. குடும்பஸ்ரீ கூட்டத்துக்குப் போய் வரும் பெண்கள் அங்கேயே வழி கேட்டுக்கொள்ளலாம்.

எண்களைக் குறித்து வைப்பதோடு கடமை முடிவதில்லை. மகன்களிடமும் பேச வேண்டும். ‘வேண்டாம்’ என்று ஒரு பெண் சொன்னால் அத்தோடு கதை முடிந்தது, அதில் அவமானம் எதுவும் இல்லை என்று பையனுக்குச் சொல்லித் தருவது தாய் தகப்பனின் வேலை. பொள்ளாச்சி வழக்கில் சிறை சென்றவர்களும் யாரோ ஒரு வீட்டின் பிள்ளைகள்தான்.

மகள்களுக்குச் சொல்ல வேண்டியது அதைவிடச் சுருக்கமானது. சம்பவம் நடந்த பிறகு சொல்வதைவிட, எதுவும் நடக்காத ஒரு சாதாரண நாளில், இரவுச் சாப்பாட்டு நேரத்திலோ அடுத்த போனிலோ சொல்லி வைப்பது நல்லது: ‘‘எந்தத் தப்பு நடந்திருந்தாலும் முதல்லே எங்ககிட்டே சொல்லு. ஏன் போனேன்னு கேட்க மாட்டோம். எங்கே வரணும்னு மட்டும்தான் கேட்போம்.’’